பன்னிரண்டு பவுண்டுப் பந்தின் வயிற்றுக்குள்

என் மணிக்கட்டு சரியில்லை என்று ஒன்றரை வருஷம் எல்லோரும் எனக்குச் சொன்னார்கள். நானும் நம்பினேன். இன்றைக்கு நினைத்தால் அப்படி நம்பியதுதான் முதலில் எரிகிறது. ஏமாற்றியவர்கள் மேல் உள்ள கோபம் அதற்கு அப்புறம்தான்.

நான் சங்கரன்கோவில்காரி. பெங்களூரில் ஒரு மென்பொருள் கம்பெனியில் எட்டு வருஷம் இருந்தேன். அங்கே ஒரு முறை ஆபீஸ் பௌலிங் டீமில் ஒரு ஆள் குறைந்தது. சும்மா நிற்க வேண்டுமே என்று போனவள், அதிலேயே விழுந்துவிட்டேன். லேன் என்கிற வழுக்கும் பலகைத் தளத்தில் கனமான பந்தை உருட்டி, கோடியில் நிற்கும் பத்துக் கட்டைகளைச் சாய்க்கிற விளையாட்டு. பார்க்கச் சிறுபிள்ளை விளையாட்டு மாதிரி இருக்கும். உள்ளே போனால்தான் அதன் கணக்கு தெரியும்.

கொரோனாவுக்குப் பிறகு வீட்டிலிருந்தே வேலை என்று ஆனதும் ஊருக்கு வந்துவிட்டேன். என் கணவருக்கு இங்கே விசைத்தறி. துண்டு நெய்கிறார். ஊரில் யாரிடமாவது "நான் பௌலிங் ஆடுதேன்" என்று சொன்னால், "ஃபாஸ்ட்டா, ஸ்பின்னா?" என்றுதான் கேட்பார்கள். முதலில் விளக்கிப் பார்த்தேன். அப்புறம் "ஸ்பின்" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டப் பழகிவிட்டேன். மாதத்தில் ஒரு வாரம் ஆபீஸுக்காகப் பெங்களூர் போகும்போது பயிற்சி. மற்றபடி இரண்டு சனிக்கிழமை பஸ் ஏறி மதுரைக்குப் போனால், ஒரு மாலின் மேல்மாடியில் நான்கு லேன் உண்டு. போக மூன்று மணி நேரம், வர மூன்று மணி நேரம். மாநிலப் போட்டியில் இரண்டு தடவை ஆடி, இரண்டு தடவையும் முதல் சுற்றிலேயே வெளியே வந்திருந்தேன்.

அப்போதுதான் சொந்தமாக நல்ல பந்து ஒன்று வாங்க வேண்டும் என்று பெங்களூரில் எனக்குச் சொல்லித்தந்த கோச் சொன்னார். அவர் ஆடுவது பதினைந்து பவுண்டுப் பந்து. கருநீலம், நடுவில் செம்பு நிறக் கீற்று. லேனில் முதல் பாதி நேராகப் போகும். கடைசி இருபது அடியில், வீட்டு ஞாபகம் வந்ததுபோல ஒரே வெட்டாக உள்ளே திரும்பும். கட்டைகள் வெடித்துச் சிதறும். நான் அந்தத் திருப்பத்தின் மேல் ஆசைப்பட்டேன். என் உடம்புக்கும் தோளுக்கும் பன்னிரண்டு பவுண்டுதான் சரி. அதே பந்து, அதே பெயர், அதே நிறம், பன்னிரண்டு பவுண்டில் கிடைக்குமா என்று சென்னையில் பந்து இறக்குமதி செய்து விற்கிற வியாபாரியிடம் கேட்டேன்.

"கிடைக்கும் மேடம். சேம் பால். வெயிட் மட்டும் கம்மி" என்றார்.

இந்தச் 'சேம் பால்' என்ற இரண்டு சொல்லை மறக்க மாட்டேன்.

பந்து என்றால் ஒரே கல்லாக, உருண்டையாக இருக்கும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அப்படியில்லை. வெளியே ஒரு தோல். உள்ளே நடுவில் கனமான ஒரு கட்டி, அதற்குக் கோர் என்று பெயர். சிலவற்றில் அது பல்பு மாதிரி இருக்கும். சிலவற்றில் ஒரு பக்கம் கொம்பு முளைத்த மாதிரி கோணலாக இருக்கும். பந்து எப்படி ஓடும் என்பதில் பெரும்பங்கு அந்தக் கட்டியின் வடிவத்தைப் பொறுத்தது. அதற்கு இரண்டு எண் சொல்வார்கள். ஒன்று ஆர்.ஜி. கனம் நடுவில் குவிந்திருந்தால் இந்த எண் குறைவு, பந்து சீக்கிரமே சுழலத் தொடங்கும். கனம் ஓரத்துக்குத் தள்ளியிருந்தால் எண் கூடுதல், பந்து வெகுதூரம் சறுக்கிப் போய் அப்புறம்தான் சுழலும். இன்னொன்று டிஃபரன்ஷியல். கோரை நெட்டுக்குத்தாக வைத்துச் சுற்றுவதற்கும் படுக்கவைத்துச் சுற்றுவதற்கும் உள்ள வித்தியாசம் அது. இது கூடுதலாக இருந்தால் பந்து உருளும்போதே அச்சு மெல்லச் சாய்ந்துகொண்டே வரும். லேனில் எண்ணெய் பூசியிருப்பார்கள். அச்சு சாய்வதால் ஒவ்வொரு சுற்றிலும் எண்ணெய் படாத புதுத்தோல் தரையில் படும், தரையைப் பிடிக்கும், பந்து திரும்பும். டிஃபரன்ஷியல் குறைந்தால் அதே இடம்தான் திரும்பத் திரும்பப் படும். எண்ணெயில் எண்ணெய் வழுக்குமே தவிரப் பிடிக்காது.

இதெல்லாம் தெரிந்துதான் வாங்கினேன். வியாபாரியின் விளம்பரப் பக்கத்தில் இரண்டு எண்ணும் கொட்டை எழுத்தில் இருந்தன. டிஃபரன்ஷியல் நல்ல உயரம். நான் கேட்ட திருப்பத்துக்கு ஏற்றது. என் விரல் அளவுக்குத் துளை போட்டு, பந்து வந்து சேர்ந்தது. பார்சலைப் பிரித்த அன்று அதை மடியில் வைத்துக்கொண்டு மீட்டிங்கில் உட்கார்ந்திருந்தேன். கேமராவில் தெரியாது.

மதுரையில் முதல் நாள் போட்டேன். பந்து நேராகப் போனது. கடைசியில் லேசாகத் தலையை ஆட்டியது, அவ்வளவுதான். நூறு தடவை போட்டிருப்பேன். கோச்சுக்கு வீடியோ அனுப்பினேன்.

"பந்து ஓகே. உன் ரிஸ்ட் வீக்" என்று பதில் வந்தது.

வியாபாரிக்கும் அனுப்பினேன். அவரும் அதையே சொன்னார். "லேடீஸுக்குப் பொதுவா ரிஸ்ட் பவர் கம்மி மேடம். பயிற்சி பண்ணுங்க, வரும்."

பண்ணினேன். காலையில் வாளியில் அரிசி நிரப்பி அதற்குள் கையை விட்டுப் பிசைவேன். ஒரு கிலோ டம்பெல்லில் தொடங்கி மூன்று கிலோ வரை மணிக்கட்டை மடக்கி நீட்டுவேன். வேலைக்கு நடுவில், தறி ஓடுகிற சத்தத்துக்கு ஏற்றமாதிரி எண்ணிக்கொண்டே. பந்துக்கு அப்போதும் ஒரு மாற்றமும் இல்லை. "இன்னும் பத்தாது" என்றார் கோச். கூட்டினேன். பதினாறாவது மாதம் ஒரு நாள் தோசைக்கரண்டியைத் திருப்ப முடியவில்லை. வலி கட்டைவிரலிலிருந்து முழங்கை வரை ஏறியது. திருநெல்வேலியில் டாக்டர் பார்த்துவிட்டு, தசைநாணின் உறை வீங்கியிருக்கிறது என்று ஆறு வாரத்துக்குப் பட்டை கட்டிவிட்டார். அந்த ஆறு வாரமும் தலைப்பின்னல் போட என் கணவர் கற்றுக்கொண்டார். ஒரு கையால் கம்ப்யூட்டரில் தட்டினேன். வலி கூடப் பரவாயில்லை. நான் பலவீனமானவள், ஆசைப்படக் கூடாததற்கு ஆசைப்பட்டுவிட்டேன் என்ற வெட்கம்தான் தின்றது.

கை சரியானபின் பெங்களூர் போனேன். அன்றுதான் முதல் தடவையாகக் கோச்சும் நானும் ஒரே லேனில் ஆடினோம். அவர் பந்தும் என் பந்தும் திரும்பி வரும் ராக்கில் பக்கத்தில் பக்கத்தில் வந்து நின்றன. துடைக்கத் துணியை எடுத்தவள் அப்படியே நின்றுவிட்டேன். அவர் பந்தில் எண்ணெய் வளையங்கள் ஒன்றுக்கு ஒன்று தள்ளித் தள்ளி விசிறிபோல விரிந்திருந்தன. என் பந்தில் எல்லா வளையமும் ஒன்றன்மேல் ஒன்றாக, ஒரே கனமான கோடு. அச்சு சாயவே இல்லை.

"சார், இது என்ன இப்படி இருக்கு? ரெண்டும் ஒரே கோர்தானே?"

அவர் குனிந்துகூடப் பார்க்கவில்லை. "நீ சுத்துறது கம்மி. அதான் விரியலை. ரிஸ்ட்."

அவர் சொன்னதில் பாதி உண்மை உண்டு. கை கொடுக்கிற சுற்று குறைந்தால் வளையங்களும் கொஞ்சம் நெருங்கும். அந்தப் பாதி உண்மைதான் என்னை ஒன்றரை வருஷம் வாயடைக்க வைத்தது. ஆனால் அன்று ரயிலில் வரும்போது ஒன்று தோன்றியது. என் கையே படாமல் இந்தப் பந்தைச் சோதிக்க முடிந்தால்? அப்போது யார் மேல் பழி போடுவார்கள்?

ராஜபாளையம் ரோட்டில் ஒரு லேத் பட்டறை இருக்கிறது. நடத்துகிறவர் கடையநல்லூர்க்காரர், துபாயில் பல வருஷம் டர்னராக இருந்துவிட்டு வந்தவர். எங்கள் தறிக்கு வேண்டிய சக்கரம், தண்டு எல்லாம் அவரிடம்தான். பாய் என்றுதான் கூப்பிடுவோம். பந்தைப் பையில் போட்டுத் தூக்கிக்கொண்டு போனேன்.

"என்னம்மா தங்கச்சி, பூசணிக்காயா?" என்றார்.

மேஜை மேல் வைத்தேன். ஒரு கையால் உருட்டிப் பார்த்தவர் உடனே கையை எடுத்துவிட்டார். "உள்ள என்னமோ இருக்கு. கனம் ஒரே மாதிரி இல்லியே."

"அதைத்தான் பாய் அளக்கணும். உள்ள இருக்குத கட்டி நான் கேட்ட கட்டியான்னு தெரியணும். உடைக்கக் கூடாது."

விஷயத்தை முழுதும் சொன்னேன். மணிக்கட்டுப் பட்டை கதையையும் சொன்னேன். அவருக்குப் பந்து விளையாட்டு தெரியாது. ஆனால் சக்கரம் தெரியும். ஓரத்தில் கனம் இருக்கிற சக்கரம் எப்படிச் சுற்றும், நடுவில் கனம் இருக்கிறது எப்படிச் சுற்றும் என்று அவருக்கு நான் விளக்கவே தேவையில்லை. எப்படி அளப்பது என்பதுதான் கேள்வி. கல்லூரி இயற்பியல் லேபில் செய்த ஒன்று எனக்கு ஞாபகம் இருந்தது. ஒரு தட்டை மூன்று கம்பியில் கட்டித் தொங்கவிட்டு, லேசாகத் திருகி விட்டால் அது இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகத் திரும்பித் திரும்பி ஆடும். மேலே வைக்கிற பொருளின் கனம் எப்படிப் பரவியிருக்கிறதோ அதற்கு ஏற்ப ஆடுகிற வேகம் மாறும்.

பாய் ஒரு மெல்லிய அலுமினியத் தகடை வட்டமாக வெட்டி, மூன்று துளை போட்டு, கூரைச் சட்டத்திலிருந்து கம்பியில் தொங்கவிட்டார். மட்டப்பலகை வைத்து மூன்று கம்பியையும் சரிபார்த்தார். பந்து உருளாமல் இருக்க நடுவில் ரப்பர் வளையம். பந்தின் மேல் குன்றிமணி அளவில் ஒரு வண்ணப் புள்ளி உண்டு. உள்ளே கோரின் தலை எங்கே இருக்கிறது என்பதற்கு அடையாளம் அது. புள்ளி மேலே பார்க்க ஒரு முறை, புள்ளி பக்கவாட்டில் இருக்க ஒரு முறை. ஒவ்வொன்றிலும் நூறு ஆட்டம். நான் எண்ண, அவர் போனில் நேரம் பார்த்தார். மின்விசிறியை நிறுத்திவிட்டதில் இருவருக்கும் வேர்த்துக் கொட்டியது. டீ வாங்கி வந்தவரை வாசலிலேயே நிற்கச் சொன்னார் பாய், காற்று அசையக் கூடாதென்று.

விளம்பரத்தில் போட்டிருந்த எண் உண்மையென்றால், பக்கவாட்டில் வைத்த நூறு ஆட்டத்துக்கு ஏறக்குறைய இரண்டு ஆட்ட நேரம் கூடுதலாக ஆக வேண்டும். தகட்டின் கனத்துக்கு ஈடு கொடுத்தாலும் பெரிதாகக் குறையக் கூடாது. எங்களுக்கு ஒரு ஆட்ட நேரம்கூட வரவில்லை. மறுபடி செய்தோம். மூன்றாம் முறையும் செய்தோம். அதேதான்.

பாய் போனைக் கீழே வைத்தார். "அப்ப இது நீ கேட்ட சாமான் இல்ல."

"பேரு அதேதான் போட்டிருக்கு பாய்."

"பேரு போட என்ன? மோட்டார் மேல ஸ்டிக்கர் ஒட்டுத மாதிரி ஒட்டிட்டான். ஏமாத்துதான்மா. இதுக்குப் போயி கைய ஒடச்சிக்கிட்டியே!" என்றார். அவருக்கு என்னைவிடக் கோபம். எனக்குக் கோபம்கூட முதலில் வரவில்லை. அழுகை வந்தது. பட்டறையில் அழக் கூடாது என்று பந்தைப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து, பந்து செய்கிற வெளிநாட்டுக் கம்பெனியின் பக்கத்தைத் திறந்தேன். இந்த முறை கடைசி வரை கீழே போனேன். படங்கள், புகழ்ச்சி, வீடியோ எல்லாம் தாண்டி, அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி இருந்தது. மேலே கொடுத்திருக்கும் எண்கள் பதினைந்து பவுண்டுக்கானவை. பன்னிரண்டும் அதற்குக் கீழும் உள்ள பந்துகளில் வேறு பொதுவான கோர் பயன்படுத்தப்படுகிறது.

வேறு கோர். ஆனால் அதே பெயர், அதே நிறம், அதே விலை. பன்னிரண்டும் அதற்குக் கீழும் யார் ஆடுகிறார்கள்? பெரும்பாலும் பெண்கள், பிள்ளைகள், வயதானவர்கள். கனம் குறைந்த பந்துக்குள் பெரிய கட்டியை வைப்பது கடினம் என்று ஒரு காரணம் சொல்வார்கள். இருக்கட்டும். கடினம் என்றால் வேறு பெயர் வை. உள்ளே இருப்பது வேறு என்று மேலேயே சொல். வியாபாரியின் பக்கத்தில் அந்தப் பொடி எழுத்து வரியும் இல்லை. அதை வெட்டிவிட்டு மேலே உள்ள எண்களை மட்டும் எடுத்துப் போட்டிருந்தார்.

போன் செய்தேன்.

"மேடம், டிரில் பண்ணின பாலை ரிட்டர்ன் எடுக்க முடியாது" என்றார் எடுத்த எடுப்பிலேயே.

"நான் ரிட்டர்ன் கேக்கல. சேம் பால்ன்னு சொன்னீங்களே, அதுக்குப் பதில் சொல்லுங்க."

"சின்ன டிஃபரன்ஸ் மேடம். லேடீஸுக்கு இதுவே போதும்."

போதுமா இல்லையா என்று முடிவு செய்ய இவர் யார்? வைத்துவிட்டேன். இன்னும் பேசியிருந்தால் என் வாயிலிருந்து சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்ட் பாஷை வந்திருக்கும்.

கோச்சுக்கு அளவுகளையும் அந்தப் பொடி வரியின் படத்தையும் அனுப்பினேன். ஒரு நாள் கழித்து பதில் வந்தது. "குட் ஃபைண்ட். ஆனாலும் ரிஸ்ட் முக்கியம்." அவ்வளவுதான். மன்னிப்பு என்று ஒரு சொல் இல்லை. அவரிடம் பயிற்சிக்குப் போவதை அத்தோடு நிறுத்தினேன்.

அடுத்த பந்தை நானே தேர்ந்தெடுத்தேன். விளம்பரத்தைப் பார்க்கவில்லை. ஒவ்வொரு கம்பெனியாகப் பன்னிரண்டு பவுண்டுக்கு என்று தனியாக எண் கொடுத்திருக்கிறார்களா என்று தேடினேன். பெரும்பாலானவர்கள் கொடுக்கவில்லை. கொடுத்த ஒரு கம்பெனியின் பந்தில், பன்னிரண்டு பவுண்டிலும் கோர் வடிவம் மாறவில்லை. ஆர்.ஜி. குறைவு, டிஃபரன்ஷியல் நடுத்தரம். நான் மெதுவாகப் போடுகிறவள், கை கொடுக்கிற சுற்றும் குறைவு. சீக்கிரம் உருளத் தொடங்குகிற பந்துதான் எனக்கு ஏற்றது. இதை ஒன்றரை வருஷத்துக்கு முன்பே யாராவது சொல்லியிருக்கலாம். கருநீலமும் செம்புக் கீற்றும் இல்லை. பழுப்புப் பச்சை, பார்க்க அழகில்லை. மதுரையில் போட்ட நாலாவது பந்திலேயே அது உள்ளே திரும்பியது. என் பழைய மணிக்கட்டால், நான் எப்போதும் போடுகிறபடியே போட்டதுதான்.

மாநிலப் போட்டி சென்னையில் நடந்தது. நுழைவாயிலிலேயே அந்த வியாபாரியின் ஸ்டால். மேஜை நிறையப் பந்துகள், ஒவ்வொன்றின் பக்கத்திலும் பளபளவென்று எண்கள் அச்சிட்ட அட்டை. நேரே போய் நின்றேன்.

"இந்த நம்பர் எந்த வெயிட்டுக்கு?"

என் முகம் அவருக்கு ஞாபகம் இல்லை. "எல்லா வெயிட்டுக்கும் மேடம்."

"பன்னிரண்டு பவுண்டுக்கும்?"

"ஆமா மேடம். சேம் பால்."

என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. பையிலிருந்து கருநீலப் பந்தை எடுத்து அவர் மேஜை மேல் வைத்தேன். கம்பெனிப் பக்கத்தின் பொடி வரியைப் போனில் பெரிதாக்கி அவர் முகத்துக்கு முன்னால் நீட்டினேன். உரக்க வாசித்தேன். இரண்டாம் முறை தமிழில் சொன்னேன். ஷூ மாற்றிக்கொண்டிருந்த பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒருத்தி எழுந்து வந்தாள். கோயம்புத்தூர்க்காரி என்று பிற்பாடு தெரிந்தது. அவள் பையைத் திறந்தாள். உள்ளே அதே கருநீலம், அதே செம்புக் கீற்று.

"எனக்கும் ரிஸ்ட்னுதான் சொன்னாங்க" என்றாள்.

அந்த ஒரு வார்த்தைக்குப் பிறகு நான் பேச வேண்டியிருக்கவில்லை. இன்னும் இரண்டு பேர் வந்தார்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். வியாபாரி ஆளுக்கு ஒரு துடைக்கிற துண்டு இலவசம் என்றார். துண்டு! என் வீட்டிலேயே தறியில் மணிக்கு எத்தனை துண்டு இறங்குகிறது என்று அவருக்குத் தெரியாது. "எங்களுக்குத் துண்டு வேண்டாம். அட்டையில எழுதுங்க" என்றேன். போட்டி நடத்துகிறவர்களில் ஒருவர் சத்தம் கேட்டு வந்து, விஷயத்தைக் கேட்டு, எழுதித்தான் வைக்க வேண்டும் என்று சொன்னபிறகு, வியாபாரி மார்க்கர் பேனா எடுத்து ஒவ்வொரு அட்டையாக எழுதினார். பன்னிரண்டும் அதற்குக் கீழும் கோர் வேறு. ஒன்பது அட்டைகள். நாங்கள் நின்று பார்த்தோம். எழுத்து கோணல்மாணலாக இருந்தது, ஆனால் பெரிதாக இருந்தது.

அன்று முதல் சுற்றைத் தாண்டினேன். இரண்டாம் சுற்றில் எட்டாவது ஆட்டத்தில், ஓரத்தில் ஒற்றையாக நின்ற ஒரு கட்டையைத் தவறவிட்டு வெளியே வந்தேன். பந்து நான் சொன்ன வழியில்தான் போனது. நான்தான் வழியைத் தப்பாகச் சொன்னேன். வருத்தமாக இருந்தது, அவமானமாக இல்லை.

கோயம்புத்தூர்க்காரி போன வாரம் கூப்பிட்டாள். அவள் மகளுக்குப் பத்து வயது, எட்டுப் பவுண்டில் ஒரு பந்து வாங்கித் தர வேண்டுமாம். கடையில் கேட்டால், இந்த வயதில் உள்ளே என்ன இருந்தால் என்ன, கலர் பிடித்திருக்கிறதா என்று மட்டும் பாருங்கள் என்கிறார்களாம். அந்தக் கடையின் நம்பரை எனக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.